அடி தெரியுதா?

எங்கள் வீட்டு நீச்சல் குளம் ஒரு பக்கம் மூன்றரை அடி, மறுபக்கம் எட்டு அடி ஆழம். ஆழமான பக்கத்தின் தரையில் வட்டமான வெள்ளை மூடி போட்ட வடிகால் ஒன்று உண்டு. தண்ணீர் நன்றாக இருந்த காலத்தில் கரையில் எங்கே நின்று பார்த்தாலும் அந்த மூடி தெரியும். 2023 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதியம், குளத்தின் விளிம்பில் முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தேன். மூடி தெரியவில்லை. இரண்டாம் படிக்கட்டே தெரியவில்லை. கரும்பச்சை. அதன் மேல் ஒரு படலம் தூசி, வாடிய போகன்வில்லா இதழ்கள்.

நான் தேடிக்கொண்டிருந்தது மூடியை அல்ல. மூன்றரை வயது மகளை.

"உள்ள எங்கயும் இல்ல" என்று மனைவி மாடியிலிருந்து கத்தினாள். குளத்தைச் சுற்றிய வேலியின் கதவு ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. இலை அள்ளும் வலையின் நீளமான கம்பை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டேன். குளத்தின் தரையில் ஐந்து மாத இலைகள். கம்பு போய் முட்டிய இடமெல்லாம் மெத்தென்று இருந்தது. ஒவ்வொரு மெத்தென்ற முட்டலுக்கும் என் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. எழுதவும் வேண்டாம்.

இரண்டு நிமிடம் இருக்கும். வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் அழுகையும் அதன் பின்னாலேயே மகளின் சிரிப்பும் கேட்டன. அப்பா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அவருடைய அறை அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த கருப்பட்டி மிட்டாயைத் தின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

ஈரக் கம்போடு வீட்டுக்குள் போனேன். துண்டைக் கட்டிக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்து, "கேட்ட யாரு தொறந்து போட்டது? காலைல நீங்கதான அந்தப் பக்கம் போனீங்க? இது என்ன நம்ம ஊரு ஆறா, இஷ்டத்துக்குப் போயி வர?" என்றேன். அவர் வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. என் முப்பத்தைந்து வயதில் அவரிடம் அப்படிக் குரலை உயர்த்தியதில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மிட்டாய்ப் பொட்டலத்தைக் கட்டி மேல்தட்டில் வைத்தார்.

அரிசோனா சட்டப்படி, சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக் குளத்தைச் சுற்றி ஐந்தடிக்குக் குறையாத தடுப்பு இருக்க வேண்டும். அதன் கதவு தானாக மூடிக்கொண்டு தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் கதவின் ஸ்பிரிங் கிறிஸ்துமஸுக்கு முன்பே துருப்பிடித்துப் போய்விட்டது. கையால் இழுத்துச் சாத்தினால்தான் தாழ் விழும். இது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

*

அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் இறப்பதற்கான காரணங்களில் நீரில் மூழ்குவதுதான் முதலிடத்தில் இருக்கிறது. வீடு வாங்கும்போதே இது எனக்குத் தெரியும். 2021இல் சாண்ட்லரில் நாங்கள் வீடு தேடியபோது மனைவி சொன்ன ஒரே நிபந்தனை, குளம் வேண்டாம் என்பது. வேண்டும் என்றவன் நான். ஃபீனிக்ஸில் விமானம் இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: மண்நிறப் பாலைவனம், மண்நிற வீடுகள், நடுவே வீட்டுக்கு வீடு நீலச் சதுரங்கள். முதல்முறை அதைப் பார்த்த நாளில் இருந்தே அதில் ஒன்று நமக்கு வேண்டும் என்று ஆசை. ஆற்றங்கரை ஊரில் பிறந்தவனின் ஆசை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவனுக்குச் சொந்தமாக ஐம்பத்தேழாயிரம் லிட்டர் தண்ணீர். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

2022 அக்டோபரில் அம்மா இறந்தார். நான் ஊரில் இருந்த மூன்று வாரத்தில் பம்ப்பின் பிரேக்கர் ட்ரிப் ஆகியிருக்கிறது. மனைவி கைக்குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்ட மகளோடு தனியாக இருந்தாள். பின்கட்டுக்குப் போகவே இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது தண்ணீர் இளம்பச்சை. பிரேக்கரைத் தூக்கிவிட்டேன். பம்ப் ஓடியது. ஃபில்டர் அடைத்துக்கொண்டு முள் சிவப்புக் கோட்டுக்குப் போனது. அணைத்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே வந்து, பின்கட்டைப் பார்த்த பெரிய கண்ணாடிக் கதவின் திரையை இழுத்துவிட்டேன்.

அந்தத் திரை மார்ச் வரை திறக்கப்படவில்லை.

வேலை நேரத்தில் நான் மிக ஒழுங்கானவன். சர்வரில் ஏதாவது ஒரு எண் சற்றுத் தாழ்ந்தாலும் என் போன் அலறும். நள்ளிரவு இரண்டு மணிக்கும் எழுந்து பார்ப்பேன். குளத்துக்கு அப்படி ஒரு அலறல் கிடையாது. அது சத்தம் போடாமல் பச்சையாகும். பார்க்காமல் இருப்பது எவ்வளவு எளிது என்பதை அந்த ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்டேன். ஒரு திரை போதும்.

இது என் ஒருவனுடைய பழக்கமும் அல்ல. 2007இல் வீட்டுக்கடன் நெருக்கடி தொடங்கியபோது கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டியில் கடன் கட்ட முடியாதவர்கள் வீடுகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். குளங்கள் பச்சையாயின, கொசு முட்டையிட்டது, அந்த ஆண்டு அங்கே வெஸ்ட் நைல் காய்ச்சல் கூடியது. கொசுக்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள் கடன் தவணையையும் காய்ச்சலையும் ஒரே கட்டுரையில் இணைத்து எழுதினார்கள். எங்கள் மாரிகோபா கவுண்டியிலும் 2021இல் அதே காய்ச்சல் பெரிய அளவில் பரவியது. ஒரு வீட்டில் யாரோ திரையை இழுத்துவிட்டால், அடுத்த தெருவில் யாருக்கோ காய்ச்சல் வரலாம்.

*

மறுநாள் காலை திரை திறந்திருந்தது. அப்பா குளத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வேலிக் கதவு சாத்தியிருந்தது. சாத்தி, கயிறு போட்டுக் கட்டியும் இருந்தது. உள்ளேயிருந்து கட்டியிருந்தார். நான் வெளியே நின்றேன்.

"ஸ்பிரிங்கு போயிருக்கு. மாத்தணும்" என்றார். நேற்றைப் பற்றி அதற்கு மேல் பேச்சில்லை.

அப்பா நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபிட்டர் என்று பெயர். மேல்நிலைத் தொட்டியில் ஏறிக் குளோரின் கரைத்து ஊற்றுவதும் அவர்தான். பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் விடுவார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு குழாய்த் தொடரின் கடைசித் தெருவுக்குப் போவார். அங்கே கடைசி வீட்டுக் குழாயில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, ஓ.டி. திரவத்தைச் சொட்டு விடுவார். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது. எவ்வளவு மஞ்சள் என்று நிற அட்டையோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுவார். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. விடுமுறை நாட்களில் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து நானும் போயிருக்கிறேன். மஞ்சள் வருமா வராதா என்பதுதான் எனக்குத் தெரிந்த முதல் சஸ்பென்ஸ்.

ஆனால் அன்று காலை இதையெல்லாம் நான் நினைக்கவில்லை. பூல் கடைக்குப் போய் அங்கிருந்த பையன் சொன்ன பாசிக்கொல்லி, அதிரடிப் பவுடர், கலங்கல் நீக்கி என்று எல்லாவற்றையும் நூற்றுச் சொச்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பா ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சீக்குன்னு பாத்தியா?"

"பச்சையா இருக்குல்லப்பா. பாசி."

"அது எனக்கும் தெரியுது. தண்ணியில என்ன இருக்கு, என்ன இல்லன்னு பாத்தியான்னு கேக்கேன். மருந்தப் போட்டுட்டா ஆச்சா?"

டப்பாக்களோடு விளம்பரத்துக்கு ஒரு சோதனைப் பெட்டியும் கொடுத்திருந்தார்கள். அப்பா அதைத் திறந்தார். மஞ்சள் மூடி போட்ட சின்னப் புட்டி. முகர்ந்து பார்க்கவில்லை, படிக்கவும் இல்லை. "ஏல, இது நம்ம ஓ.டி.லா!" என்றார். பத்து நாளில் அவர் குரல் மேலே போனது அப்போதுதான்.

குளத்து நீரைப் பிடித்து ஐந்து சொட்டு விட்டார். நிறம் மாறவே இல்லை.

*

இங்கே கொஞ்சம் வேதியியல் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் செய்த தவறு அதில்தான் இருக்கிறது.

குளோரினுக்கு வெயில் ஆகாது. அரிசோனா வெயிலில் திறந்த குளத்தில் ஊற்றிய வெறும் குளோரின் சில மணி நேரத்தில் போய்விடும். அதைக் காப்பாற்றத் தண்ணீரில் சயனூரிக் அமிலம் சேர்ப்பார்கள். அது குளோரினைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடும். குளத்துக்குக் குடை மாதிரி. இதைச் சுருக்கமாகச் சி.ஒய்.ஏ. என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த மூன்றெழுத்துக்கு வேறு பொருள்: நாளைக்குப் பழி நம் மேல் விழாமல் இருக்க இன்றைக்கே அனுப்பி வைக்கும் மின்னஞ்சல்.

மிதவையில் போட்டு மறந்துவிடும் குளோரின் மாத்திரைகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஒவ்வொரு பத்துப் பங்கு குளோரினோடும் ஏறத்தாழ ஆறு பங்கு சி.ஒய்.ஏ. தண்ணீருக்குள் போகிறது. குளோரின் வேலை செய்து தீர்ந்துவிடும். சி.ஒய்.ஏ. தீராது. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், அது ஆவியாகாது. மேலே மேலே புதுத் தண்ணீர் விட்டு, மேலே மேலே மாத்திரை போட, அது சேர்ந்துகொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் குளோரினை அது விடவே விடாது. குளோரின் இருக்கும், ஆனால் பாசியைக் கொல்லாது. நானும் ஒன்றரை வருடமாக மாத்திரைதான் போட்டேன். எனக்கு முன் இந்த வீட்டில் இருந்தவரும் அதைத்தான் போட்டிருப்பார் போல.

சி.ஒய்.ஏ.வைச் சோதிக்கும் முறை வினோதமானது. குளத்து நீரோடு ஒரு மருந்தைக் கலந்தால் பால் போலக் கலங்கும். அடியில் கரும்புள்ளி வரைந்த ஒரு குழாயில் அந்தக் கலங்கலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி எந்தக் கோட்டில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அளவு. நல்ல சோதனைப் பெட்டியாகத் தபாலில் வரவழைத்து, நானும் அப்பாவும் பின்கட்டில் நின்று பார்த்தோம். ஊற்ற ஆரம்பித்ததுமே, 100 என்ற கடைசிக் கோட்டிலேயே புள்ளி போய்விட்டது. குழாய்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி பார்த்தோம். 70. அப்படியானால் 140. ஐம்பதுக்குள் இருக்க வேண்டியது.

"இதுக்கு மருந்து என்ன?" என்றார் அப்பா.

"மருந்து கிடையாதாம். தண்ணிய எறக்கணும். மூணுல ரெண்டு பங்கு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. முப்பத்தெட்டாயிரம் லிட்டர். ஆளுக்கு நூறு லிட்டர் என்று வைத்தாலும் முந்நூற்று எண்பது பேருக்கு ஒரு நாள் தண்ணீர். இந்தக் கணக்கை அவர்தான் போட்டார். வாடகைக்கு எடுத்த பம்ப்பை இறக்கி, வீட்டுக் கழிவுநீர்க் குழாயின் மூடியைத் திறந்து அதில் விட்டோம். ஒன்றரை நாள் ஓடியது. அப்பா சத்தம் கேட்கும் தூரத்தில் உட்காரவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டார்.

தண்ணீர் இறங்க இறங்க ஒவ்வொரு படிக்கட்டாக வெளியே வந்தது. கறுத்த சேறாகிப்போன இலையைப் பிளாஸ்டிக் வாளியில் அள்ளினேன். முப்பத்திரண்டு வாளி வரை எண்ணினேன். நான் கம்பு விட்டு முட்டியது இதைத்தான். ஒவ்வொரு வாளியையும் கையால் தூக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தூக்கினேன்.

*

பச்சையைக் கொல்வது எளிது. புதுத் தண்ணீர் நிரப்பி, சுவரையெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து, பத்து சதவீதத் திரவக் குளோரினை மூன்று காலன் ஊற்றினோம். குளோரின் அளவு இருபதுக்கு ஏறியது. சில மணி நேரத்தில் ஐந்துக்கு இறங்கியது. மறுபடி ஊற்றி இருபதாக்கினோம். இப்படியே காலை, மதியம், மாலை. மூன்றாம் நாள் பச்சை போய்விட்டது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன்.

"மோர் மாதிரி இருக்கு" என்றாள்.

அப்படித்தான் இருந்தது. வெளிறிய சாம்பல் நீலம். முதல் படி தெரிந்தது, மூன்றாம் படி தெரியவில்லை. பாசி செத்துவிட்டது; ஆனால் செத்த பாசி எங்கேயும் போகவில்லை. மணலில் வடியாத அளவுக்கு நுண்ணியதாக, தண்ணீர் முழுக்க மிதந்துகொண்டிருக்கிறது. ஃபில்டர் வழியாகச் சுற்றிச் சுற்றி வரும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கும். அதற்குச் சுருக்குவழி இல்லை. கொல்ல மூன்று நாள் ஆனது; கொன்றதை வெளியே எடுக்கப் பன்னிரண்டு நாள்.

அந்தக் கலங்கல்தான் பச்சையைவிட மோசம் என்று எனக்குப் பட்டது. பச்சையைப் பார்த்தால் யாரும் இறங்க மாட்டார்கள். கலங்கல் கிட்டத்தட்டச் சரியாகிவிட்ட மாதிரி தோன்றும். பொதுக் குளங்களில் அடி வடிகால் தெரியாவிட்டால் மூடிவிட வேண்டும் என்று விதி வைத்திருப்பது அழகுக்காக அல்ல. அடியில் ஒரு குழந்தை கிடந்தால் தெரிய வேண்டும், அதற்காக.

பொறுமை இழந்து, கலங்கலை ஒரே நாளில் அடியில் படியவைக்கும் மருந்து ஒன்றைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன்.

"படிகாரம் மாதிரிதான. நாங்களும் போட்டிருக்கோம், ஆத்துல புதுத் தண்ணி வாற சமயம். எங்கம்மா பானையில தேத்தாங்கொட்டைய ஒரச்சு விடுவா, காலைல பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணு. அடியில படிஞ்சத மொத்தமா வெளிய எடுக்கணும். கை தவறிக் கலக்குனா திரும்பவும் மொதல்ல இருந்து. வேண்டாம், மெஷினு ஓடட்டும். அதுபாட்டுக்கு எடுக்கும்."

பம்ப் இரவும் பகலும் ஓடியது. ஃபில்டரின் அழுத்தமுள் பன்னிரண்டில் இருந்து பதினைந்துக்கு ஏறினால் திருப்பி ஓடவிட்டுக் கழுவ வேண்டும். அப்பா ஒரு பழைய டைரியை எடுத்து நேரம், முள், குளோரின் என்று மூன்று பத்தி போட்டு எழுத ஆரம்பித்தார். அவருடைய நகராட்சிக் கையெழுத்து. இலக்கங்கள் ஒன்றின் கீழ் ஒன்று நேராக நிற்கும்.

*

குளம் குணமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு குளோரினை அளக்க வேண்டும். விடிவதற்கு முன் மறுபடி அளக்க வேண்டும். இரவில் வெயில் இல்லை; அப்படியும் ஒன்றுக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீருக்குள் இன்னும் ஏதோ உயிரோடு இருந்து குளோரினைத் தின்கிறது என்று அர்த்தம். பகலில் எதையும் சொல்ல முடியாது. இரவுதான் காட்டிக்கொடுக்கும்.

விடிகாலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து வருவேன். அப்பா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பார். நான்காவது நாள்தான் புரிந்தது, அவர் எழுந்து வரவில்லை, தூங்கவே இல்லை.

பத்து மில்லி தண்ணீரில் பொடியைப் போட்டால் ரோஸ் நிறமாகும். பிறகு நிறம் மறையும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். ஒரு சொட்டுக்கு அரைப் புள்ளி. நான் டார்ச் பிடிக்க, அப்பா எண்ணுவார். கை நடுக்கம் சொட்டு விடும்போது மட்டும் நின்றுவிடும். முதல் இரவு ஆறு குறைந்தது. அப்புறம் நான்கு. அப்புறம் மூன்றரை.

ஒன்பதாவது இரவு என்று டைரியில் இருக்கிறது. இரண்டரை குறைந்திருந்தது. எழுதி முடித்து டைரியை மூடிவிட்டு அப்பா சொன்னார்:

"அவா ஒனக்குப் போன் போடச் சொன்னா."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும், "யாரு?" என்றேன்.

"செவ்வாக்கெழம. மூச்சு எளைக்குன்னு மாஸ்க் போட்டிருந்தாங்கள்லா. அதக் கழத்திட்டுச் சொன்னா, அவனக் கூப்பிடுங்கன்னு. நாந்தான், நாளைக்கிச் சொல்லுவோம், பதறிருவான்னேன். புதன்கெழமயும் கேட்டா. அதயேதான் சொன்னேன்."

வியாழக்கிழமை விடிகாலை அம்மா போய்விட்டார். எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம் காய்ச்சல், இரண்டு நாள் டிரிப்ஸ். சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் பெட்டிக்குள்தான் பார்த்தேன். அந்த ஐந்து மாதமும் அப்பாவிடம் நான் இதைக் கேட்கவில்லை. கேட்காமல், தினமும் மாத்திரை சாப்பிட்டீர்களா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று மட்டும் கேட்டேன். விசா எடுத்தேன், டிக்கெட் போட்டேன். கதவு திறந்து கிடந்த அன்று நான் போட்ட கூச்சல் முழுவதும் கதவுக்கானது இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

டார்ச்சை அணைத்தேன். இருட்டில் சொல்வது கொஞ்சம் எளிதாக இருந்தது.

"செவ்வாக்கிழமை நீங்க பேசும்போது பின்னால மெஷின் சத்தம் கேட்டுச்சுப்பா. பீப் பீப்னு. காய்ச்சலுக்கு யாரும் அந்த மெஷின் வைக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். வியாழக்கிழமை எனக்கு ஒரு ரிலீஸ் இருந்துச்சு. ஒண்ணும் இல்லையேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லய்யான்னு சொன்னீங்க. சரின்னு வச்சிட்டேன்."

அப்பா பேசவில்லை. ஃபில்டர் ஓடும் சத்தம் மட்டும். வெகு நேரத்துக்குப் பிறகு, "நீ வந்திருந்தாலும் வியாழக்கெழமக்குள்ள வந்திருக்க முடியாது" என்றார்.

கணக்குப்படி அது சரியல்ல. செவ்வாய் இரவே விமானம் ஏறியிருந்தால் விடிவதற்குள் இல்லாவிட்டாலும் அன்றே போயிருப்பேன். குறைந்தபட்சம் செவ்வாய்க்கிழமை போனில் குரலையாவது கேட்டிருப்பேன். அவர் மறுபடியும் எனக்குக் குடை பிடிக்கிறார் என்று தெரிந்தது. இந்த முறை நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "போன்லயாவது பேசியிருக்கலாம்ப்பா" என்றேன்.

"ஆமா" என்றார். "பேசியிருக்கலாம்."

அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுதோம் என்றெல்லாம் எழுத ஆசையாக இருக்கிறது, அப்படி நடக்கவில்லை. அவர் எழுந்து உள்ளே போனார். விடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். காலைக் குளோரினை அன்று நான் ஊற்றினேன். டைரியில் என் கோணல் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது.

*

பதினைந்தாம் நாள் மாலை இருபது, மறுநாள் விடிகாலை பத்தொன்பதரை. ஒரே ஒரு சொட்டு. விடிந்து வெளிச்சம் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஆழமான பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தோம். வட்டமான வெள்ளை மூடி. அதன் சல்லடை ஓட்டைகள். அதற்கு ஒரு கை தள்ளி, காசு அளவுக்குப் பழுப்பாக ஒரு துருக்கறை. எப்போதோ ஒரு ஹேர்பின் விழுந்து கிடந்து துருப்பிடித்திருக்க வேண்டும். யாருடையதோ. வேறு ஒன்றும் இல்லை. அடி எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

புது ஸ்பிரிங்கை அதற்கு முன்பே மாட்டியிருந்தோம். அப்பா கதவை முழுக்கத் திறந்து விடுவார், அது போய் டக்கென்று தாழிட்டுக்கொள்ளும். பாதி திறந்து விடுவார். ஒரு விரல் அகலம் திறந்து விடுவார். ஒவ்வொரு முறையும் டக். மாத்திரை மிதவையைத் தூக்கி எறிந்துவிட்டேன். இப்போது தினமும் சாயங்காலம் திரவக் குளோரினைக் கையால் அளந்து ஊற்றுகிறேன். மறக்க முடியாது என்பதுதான் அதில் உள்ள வசதி.

அந்த ஜூலையில் ஃபீனிக்ஸில் பகல் வெப்பம் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது; நம் கணக்கில் 43க்கு மேல். இரவு எட்டு மணிக்கும் தண்ணீர் வெந்நீராக இருக்கும். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டாம் படியில் உட்காருவார். மகள் மிதவைச் சட்டையோடு அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு காலை அடிப்பாள். மனைவி முதல்முறையாகக் குளத்தில் இறங்கியதும் அந்த மாதத்தில்தான். "இதுக்குப் போயி ரெண்டு வருஷம் சண்ட போட்டோம்" என்றாள். யார் பக்கம் பேசுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பரில் அப்பா ஊருக்குத் திரும்பினார். டைரியை எனக்கு விட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது எல்லா விசாரிப்பும் முடிந்த பிறகு ஒரு கேள்வி கேட்பார்: "அடி தெரியுதா?"

முன்பாக இருந்தால், "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்று சொல்லிப் போனை வைத்திருப்பேன். இப்போது, "இருங்க, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று எழுந்து, கதவைத் திறந்து, அது பின்னால் டக்கென்று தாழிடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, போனைத் தண்ணீருக்கு மேலே பிடிக்கிறேன். அலை அடங்கும்வரை இரண்டு பேரும் பேசுவதில்லை.

பிறகு நான் கேட்கிறேன்: "நேத்து ராத்திரி தூங்குனீங்களாப்பா?"

சில ஞாயிறு, "தூங்குனேன்" என்கிறார். சில ஞாயிறு, "இல்லய்யா" என்கிறார்.